காபியை விட வேண்டாம், கார்டை விடுங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். ஐந்து ரோடு அருகே ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 41,000 ரூபாய். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறார், அவருடைய வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். வாரத்தில் நான்கு நாள் அலுவலகத் தோழிகளுடன் காபி ஷாப்பில் கோல்டு காபி குடிப்பேன். வரியோடு 220 ரூபாய் ஆகும். மாலையில் ரோஸ்மில்க், பன்னீர் சோடா, ஞாயிறன்று குடும்பத்தோடு ஜூஸ் என்று எல்லாம் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் போகிறது. எடை கூடிவிட்டது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று வந்திருக்கிறது. கணவர் காபியையே நிறுத்தச் சொல்கிறார். என் தம்பியோ 36,000 ரூபாய்க்குக் காபி மெஷினை வட்டியில்லாத் தவணையில் வாங்கச் சொல்கிறான். செலவு செய்யும்போதெல்லாம் சில்லறையை டிஜிட்டல் தங்கத்தில் போடும் செயலியையும் காட்டுகிறான். காபியை விடாமல் பணத்தையும் கலோரியையும் மிச்சப்படுத்த வழி உண்டா? மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) கட்டுகிறேன், 14 மாதம் ஆகிறது. ஜூனில் 45,000 ரூபாய் தேவைப்படும். இந்தப் பானங்களுக்கெல்லாம் தேய்க்கும் கிரெடிட் கார்டில் 62,000 ரூபாய் நிற்கிறது, மினிமம் டியூவை (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகையை) மட்டும் தவறாமல் கட்டிவிடுகிறேன்.
– வாசகி, சேலம்

பதில்: கடிதம் முழுக்கக் காபியைப் பற்றி எழுதிவிட்டு, கார்டைப் பற்றிக் கடைசி வரியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். நீங்கள் குடிக்கும் காபியால் உங்கள் குடும்பம் கடனில் விழவில்லை. ஏற்கெனவே நிலுவை வைத்திருக்கும் கார்டிலேயே அந்தக் காபியையும் வாங்குகிறீர்களே, அதுதான் வினை.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வட்டி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை: முந்தைய மாத பில்லை முழுவதும் கட்டாதவருக்கு, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் ஏறக்குறைய அந்த அளவுதான். 62,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,170 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 390 ரூபாய், ஆக 2,560 ரூபாய். நீங்கள் கட்டும் மினிமம் டியூ 3,200 ரூபாய்க்கு அருகில் இருக்கும். அதில் அசலுக்குப் போவது 640 ரூபாய்தான். அதே மாதம் 5,000 ரூபாய்க்குப் புதிதாகக் குடிக்கிறீர்கள். கடன் மாதந்தோறும் நான்காயிரத்துச் சொச்சம் ஏறுகிறது, நீங்களோ தவறாமல் கட்டுவதாக எழுதுகிறீர்கள்.

காபி ஷாப்பில் இந்தக் கார்டைத் தேய்த்தால் ஐந்து சதவீதம் திரும்பக் கிடைப்பதும் உங்களைப் பிடித்து வைத்திருக்கலாம். 220 ரூபாய்க்கு 11 ரூபாய் வரும். அந்த 220 ரூபாயை ஓராண்டு நிலுவையில் விட்டால், வட்டியும் வரியும் சேர்ந்து 350 ரூபாயைத் தாண்டும். இப்போது ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துவிட்டால் தெருமுனைச் சோடாக் கடையின் கியூஆர் அட்டையிலும் கடனுக்குக் குடிக்கலாம் என்ற வசதி வேறு வந்துவிட்டது. பதினைந்து ரூபாய்க் கடன் கண்ணில் படாது, அதனாலேயே அது ஆபத்தானது.

உங்கள் கையில் இருக்கும் பரிகாரம் ஆர்.டி. ஆறு, ஏழு சதவீத வட்டிக்குச் சேமித்துக்கொண்டு, ஆண்டுக்கு 42 சதவீத வட்டியில் கடன் வைத்திருக்கிறீர்கள். மகளின் கட்டணத்துக்கு என்று பெயரிட்ட பணத்தைத் தொட மனம் வராது என்பது புரிகிறது. ஆனாலும் இந்த மாதமே ஆர்.டி.யை முடித்து வாங்கிவிடுங்கள். முன்கூட்டி முடிப்பதற்கான வட்டிக் குறைப்பு போக 72,000 ரூபாயை ஒட்டி வரும். அதில் கார்டுக் கடனை முழுவதும் அடைத்துவிடுங்கள். அடுத்த பில்லில், நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி ஆயிரத்துச் சொச்சம் தனியாக வந்து நிற்கும். எல்லாம் அடைத்துவிட்டோமே என்று அதை ஒதுக்கிவிடாமல் அதையும் முழுதாகக் கட்டினால்தான் கணக்கு நேராகும். அதற்குப் பிறகும் எட்டாயிரம் ரூபாய் போல மிஞ்சும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கை வரும். காபிச் செலவைப் பாதியாக்கினால் மாதம் 2,500 ரூபாய் கையில் மிஞ்சும் என்று நினைப்பீர்கள். மிஞ்சாது. அந்த 5,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகவே இல்லை. அது வங்கியின் பணம். இனிமேல் குடிப்பதைச் சம்பளத்திலிருந்து குடிக்க வேண்டும். மினிமம் டியூவாகப் போன 3,200 ரூபாய் நிற்கும்; அதிலிருந்து பானங்களுக்கு 2,500 ரூபாய் எடுத்தால் மிச்சம் 700 ரூபாய். புதிய ஆர்.டி.க்குப் பழையபடி 5,000 ரூபாய். இந்த நவம்பரிலிருந்து மே வரை ஏழு மாதத்தில் 5,700 வீதம் ஏறக்குறைய 40,000 ரூபாய், அத்துடன் மிஞ்சிய எட்டாயிரம். ஜூன் கட்டணம் கடனில்லாமல் முடிந்துவிடும். இப்போது போவது போலவே போனால், ஆர்.டி.யில் 1,05,000 ரூபாய் சேர்ந்திருக்கும், கார்டு 90,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். கட்டணம் கட்டியபின் உங்கள் பெயரில் மிஞ்சுவது முப்பதாயிரம் ரூபாய்ப் பற்றாக்குறை.

பானங்களுக்கான பணத்தை, யுபிஐ செயலிக்குள் சிறு தொகைகளுக்கென இருக்கும் பணப்பையான யுபிஐ லைட்டில் ஞாயிறுதோறும் 500 ரூபாயாக ஏற்றுங்கள். தானாக நிரம்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஒருநாள் காபி ஷாப்புக்கும் மற்ற நாட்களின் சில்லறைக்கும் அது போதும். தீர்ந்தால் அடுத்த ஞாயிறுதான். கார்டை யுபிஐயிலிருந்தும் காபி ஷாப் செயலியிலிருந்தும் நீக்கிவிட்டு, வங்கியிடம் அதன் வரம்பை 20,000 ரூபாயாகக் குறைக்கச் சொல்லுங்கள். வரம்பைக் கூட்டத்தான் அவர்கள் அழைப்பார்கள், குறைக்க நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி காபிக்கு வருவோம். அதை நிறுத்தச் சொல்லும் உங்கள் கணவருடன் எனக்கு உடன்பாடில்லை. டிகாஷனில் கலோரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எல்லாம் அதில் கலப்பவற்றில் இருக்கிறது. நீங்கள் குடிக்கும் கோல்டு காபியில் கொழுப்பு நிறைந்த பால் 200 மில்லி இருந்தால் 175 கலோரி, பாகில் இருக்கும் சர்க்கரை 25 கிராமுக்கு நூறு, மேலே வைக்கும் ஐஸ்கிரீம் உருண்டைக்கு 120. ஏறத்தாழ 400 கலோரி ஆகிவிடுகிறது. அது ஒரு வேளைச் சிற்றுண்டி, ஆனால் நீங்கள் அதைத் தாகத்துக்குக் குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டையும் குறைக்காமல் சாப்பிடுகிறீர்கள். வீட்டு பில்டர் காபியில் 3 சதவீதக் கொழுப்புள்ள பால் 100 மில்லிக்கு 60 கலோரி, ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு இருபது, ஆக எண்பது. மாதம் பதினேழு கோல்டு காபியை நாலைந்தாகக் குறைத்து, மீதி நாட்களில் பில்டர் காபி குடித்தாலே நான்காயிரம் கலோரி குறைகிறது. வேறொன்றும் கூடாமல் இருந்தால் உடம்பில் அரைக் கிலோ கொழுப்புக்கு அது சமம்.

காசுக் கணக்கும் அப்படித்தான். நல்ல பொடி கிலோ 900 ரூபாய் என்றாலும் ஒரு கோப்பைக்குப் பத்து கிராமுக்கு 9 ரூபாய். பால், சர்க்கரை, எரிவாயு சேர்த்து 15 ரூபாய்க்குள் அடங்கும். இரவே பில்டரில் பொடியை இட்டு, துளைத் தட்டால் லேசாக மட்டும் அமுக்கி வையுங்கள். அழுத்தி அமுக்கினால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். பொறுமையிழந்து தட்டினால் கசடு இறங்கும். காலையில் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றினால் நீங்கள் கிளம்புவதற்குள் டிகாஷன் கெட்டியாக இறங்கியிருக்கும். அதைச் சிறு பிளாஸ்கில் எடுத்துச் செல்லுங்கள்; அலுவலக கேண்டீனில் சூடான பால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கோல்டு காபி ஆசை வந்தால் அதே டிகாஷனில் குளிர்ந்த பாலும் ஐஸும் போதும், ஐஸ்கிரீம் வேண்டாம்.

பொடி வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி சட்டப்படி இருக்கலாம். சிக்கரி கெடுதல் இல்லை, சிலருக்கு அந்தக் கெட்டித்தன்மை பிடிக்கும், ஆனால் காபி விலை கொடுத்துச் சிக்கரி வாங்காதீர்கள். ஆங்கிலேயரான காக்பர்ன் சேலத்தில் கலெக்டராக இருந்த 1820களிலேயே ஏற்காட்டில் ஊன்றிய பயிர் இது. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இப்போது அரபிகா பழம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் செயலியில் வனிலாப் பாகு தேடுகிறீர்கள். மலைக்குப் போகும் ஞாயிறுகளில் ஏரிக்கரைக் கடைகளில் 'எஸ்டேட் காபி' என்று எழுதியிருப்பதையெல்லாம் நம்பிவிடாமல், வறுத்த தேதியைக் கேட்டுக் கால் கிலோ மட்டும் வாங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் மணம் போய்விடும்.

சர்க்கரை விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. நான் சொல்வது எண் மட்டும்: ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், இரண்டு கரண்டி போட்ட மூன்று காபியிலேயே 30 கிராம் ஆகிவிடுகிறது. நாட்டுச்சர்க்கரைக் காபி, கருப்பட்டிக் காபி என்று புறவழிச்சாலைக் கடைகளில் எழுதி வைத்து இருமடங்கு விலை வாங்குகிறார்களே, கலோரியில் அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ருசிக்காகக் குடியுங்கள், 108ஐக் குறைக்கும் மருந்தாக நினைக்காதீர்கள். பதினைந்து நாளுக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். மாலைப் பன்னீர் சோடாவுக்குப் பதில் சர்க்கரையில்லாத எலுமிச்சை உப்பு சோடா, ரோஸ்மில்க்குக்குப் பதில் நீர்மோர். காபியும் நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டையொட்டியும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு மணி நேர இடைவெளி விடச் சொல்கிறது.

தம்பியின் இரண்டு யோசனைகளையும் தள்ளிவிடுங்கள். சில்லறையில் வாங்கும் டிஜிட்டல் தங்கத்துக்கு வாங்கும்போதே 3 சதவீத ஜி.எஸ்.டி. போகிறது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வேறு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டிலும் அது இல்லை. மெஷினுக்கான 'வட்டியில்லாத் தவணை'யில் வட்டி பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் பில்லில் ஏறும். மாதம் 2,000 ரூபாய்த் தவணை அப்படியே மினிமம் டியூவில் சேரும். பில்டர் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷின் நல்லதென்று தம்பிக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றினால், தன் பணத்தில் தன் வீட்டுக்கு வாங்கட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் குடித்துவிட்டு வரலாம்.