நெற்றி வீக்கத்துக்குத் தலைக்கவசம் எதற்கு? விறாந்தைப் படியைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு ஒன்பது மாதம். தவழத் தொடங்கியதில் இருந்து நாளுக்கு ஒரு தடவையாவது தலையை அடித்துக்கொள்கிறான். நேற்றுச் சுவரைப் பிடித்து எழும்பி நின்றவன் குப்புற விழுந்து நெற்றி வீங்கிவிட்டது. பால் குடிக்கிறான், சிரிக்கிறான். வீடு வீடாக வரும் வியாபாரி ஒருவர், உச்சிக்குழி மூடவில்லை, மூளை கலங்கிவிடும் என்று சொல்லிப் பஞ்சு வைத்த தலைக்கவசம் ஒன்றைத் தவணைக்குத் தருவதாகச் சொன்னார். ஆயிரம் ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். மாமி வாக்கர் வாங்கச் சொல்கிறார். பிள்ளைக்கு ஸ்கான் எடுக்க வேண்டுமா?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: ஸ்கான் வேண்டாம். தலைக்கவசம் வேண்டாம். வாக்கர் வேண்டவே வேண்டாம்.

ஒன்பது மாதப் பிள்ளை எழும்பி நின்றால் முக்கால் மீற்றர்கூட இல்லை. அந்த உயரத்தில் இருந்து விழுந்தால் தோல் வீங்கும், பிள்ளை அலறும், நீங்கள் பதறுவீர்கள். மூளைக்கு எதுவும் ஆவது மிக அரிது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மருத்துவர்கள் கணக்கில் எடுக்கும் உயரம் மூன்று அடி. அமெரிக்காவில் 42,000க்கும் அதிகமான பிள்ளைகளைப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வின் விதிகளில் ஒன்று அது. உச்சிக்குழியும் நெற்றியில் இல்லை, உச்சந்தலையில் இருக்கிறது; உறுதியான சவ்வு அதை மூடியிருக்கிறது; பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதளவில் எலும்பும் மூடிவிடும். வியாபாரிக்கு உடற்கூறு தெரியாது. தாயின் பயம் எவ்வளவுக்கு விலைபோகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்தக் கவசம் ஏற்கெனவே பாரமான தலையை இன்னும் பாரமாக்கும். வன்னி வெயிலில் வியர்க்குருவும் சேரும். தேனீப் படம் போட்டு முதுகில் கட்டும் தலையணையும் இதே சாதிதான்.

வாக்கரைப் பற்றி மாமியிடம் இதைச் சொல்லுங்கள். கனடா 2004இல் வாக்கர் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் விளம்பரம் செய்வதையும் தடைசெய்தது. பழையதைக்கூட அங்கே விற்க முடியாது. அந்தக் கனடாவில் இருந்து சித்தி அனுப்பும் காசில்தான் இங்கே பலர் வாக்கர் வாங்குகிறார்கள்! உள்ளே இருத்திய பிள்ளை வினாடிக்கு ஒரு மீற்றர் ஓடும். நீங்கள் அடுப்படியில் இருந்து திரும்புவதற்குள் விறாந்தைப் படியால் வாக்கரோடு கீழே போய்விடும். நடையும் அதனால் முந்தி வராது, பிந்தலாம். எங்கள் கடைகளில் தட்டிக் கேட்பாரின்றி வாக்கர் தொங்குகிறது. பாவனையாளர் பாதுகாப்பு என்று ஓர் அதிகார சபையை வைத்துக்கொண்டு அரிசி விலையை மட்டும் பார்த்தால் போதுமா? பின்னால் நின்று பிடித்துத் தள்ளும் மரத்து நடைவண்டி வேறு. அதை முற்றத்து மணலில் கொடுக்கலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது உயரத்துக்கு. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்தினார்கள், நல்லது. பிறகு விறாந்தைக்கு மூன்று படி வைத்தார்கள். கைபிடிக்கு காசு மிஞ்சவில்லை. அந்தப் படி இறங்கும் இடத்தில் சீமெந்துத் தரை அல்லது கருங்கல். வரைபடம் வரைந்தவர், பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவர், ஒருவருக்கும் தவழும் பிள்ளை ஞாபகம் வரவில்லை. உங்கள் வீடும் அப்படியென்றால் படிக்குக் குறுக்கே முழங்காலுக்கு மேல் உயரமாக ஒரு பலகையை அடித்துவிடுங்கள். பெரியவர்கள் தாண்டிப் போகட்டும். கதிரையை அடைத்து வைப்பது சரிவராது; பிள்ளை அதைப் பிடித்து எழும்பும், அது பிள்ளைமேல் கவிழும்.

பிள்ளையைக் கட்டிலில் தனியே கிடத்தாதீர்கள், பாயில் கிடத்துங்கள். ஏணையைப் பதிவாகக் கட்டுங்கள். டைல்ஸ் பதித்த தரையில் காலுறை போடாமல் வெறுங்காலோடு விடுங்கள். தண்ணீர் நிரப்பிய வாளியைத் தரையில் வைக்காதீர்கள். அதில் தலைகீழாக விழும் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

அடிபட்டால் ஈரத் துணியைப் பத்து நிமிடம் வைத்துப் பிடியுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். வலித்தால் நிறைக்கு ஏற்ற அளவு பரசிற்றமோல் போதும். வழமையான நேரத்துக்குத் தூங்கினால் தூங்கட்டும். இடைக்கிடை தொட்டு எழுப்பிப் பார்த்தால் சரி. ஆனால் ஒரு கணமாவது நினைவு தப்பினால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்து இழுத்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால், காதாலோ மூக்காலோ இரத்தமோ தெளிந்த நீரோ வந்தால், மூன்று அடிக்கு மேலிருந்து விழுந்திருந்தால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வீக்கம் எங்கே என்றும் பாருங்கள். நெற்றி வீக்கம் கல்லுப் போல இருக்கும், பரவாயில்லை. காதுக்கு மேலேயோ பின்னந்தலையிலோ அழுகிய தக்காளியைத் தொட்டது போல மெத்தென்று இருந்தால் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். குருதி உறையாமை நோய், ஹீமோபீலியா. அது உள்ள பிள்ளைக்கு மேலே சொன்ன 'பரவாயில்லை' எதுவும் பொருந்தாது. சிறிய அடிக்கும் தலைக்குள் இரத்தம் கசியலாம். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, தாய்வழியாக வரும். தவழத் தொடங்கும் வயதில்தான் பலருக்கு அது வெளியே தெரியும். எனவே கிளினிக்கில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, தாய்மாமனுக்கு இரத்தம் நிற்காத வருத்தம் இருந்ததா என்பது. வன்னியில் இந்தக் கேள்விக்குப் பல தாய்மாருக்கு விடை தெரியாது. அண்ணன் தம்பி சிறுவயதிலேயே போய்விட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். அம்மாவும் இல்லை, மருத்துவக் கொப்பியும் இல்லை. படிவத்தில் 'குடும்ப வரலாறு: இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? பெட்டி நிரம்பினால் போதும் என்று நினைக்கும் நிருவாகத்துக்கு ஒன்றுதான். வரலாறு தெரிந்த குடும்பங்களிலும்கூட இந்த நோயுள்ளோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முன்னோரில் எவருக்கும் இருந்திருக்காது. ஆகவே பிள்ளையின் உடம்பைப் பாருங்கள். அடிபடாத இடத்தில், நெஞ்சிலும் வயிற்றிலும், நீலக் கண்டல் வருகிறதா? தடுப்பூசி போட்ட தொடை பெரிதாக வீங்கியதா? உதடு கிழிந்தால் மணிக்கணக்கில் கசிகிறதா? இருந்தால் குருதி உறைதல் பரிசோதனை செய்யச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.

சி.ரி. ஸ்கானுக்கு வருவோம். சீராக இருக்கும் பிள்ளைக்கு அது கதிர்வீச்சு மட்டும்தான். அசையாமல் இருக்க மயக்க மருந்தும் வேண்டியிருக்கலாம். அதற்குப் பதில் எக்ஸ்ரே எடுத்தாலும் மூளை தெரியாது. பிள்ளையோடு ஆட்டோவில் ஏறினால், 'அரசாங்க ஆசுப்பத்திரியில் விடியும் வரை இருக்க வேண்டும், தெரிந்த இடம் இருக்கிறது' என்று தனியார் நிலையத்தில் இறக்கிவிடுவோர் உண்டு. அவர்களுக்குத் தரகு கிடைக்கிறது. அவர்களுக்கு இந்தப் பிழைப்பைக் கொடுத்ததும் நாங்கள்தான். தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தேவை நாலைந்து மணித்தியாலம் ஒரு கட்டிலும் கவனித்துப் பார்க்கும் ஒரு தாதியும். அதற்குப் பதில் கிராமத்து வைத்தியசாலை ஒரு துண்டு எழுதி மாவட்டத்துக்கு அனுப்பும். மாவட்டம் இன்னொரு துண்டு எழுதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும். ஏ9 வீதியில் பிள்ளை தூங்கிக்கொண்டு போகும்.

உங்கள் மகனுக்கு இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை. அடுத்த கிளினிக்கில் குடும்பநல மருத்துவமாதுவிடம் நெற்றியைக் காட்டுங்கள். பல கிராமங்களைத் தனியே சுமப்பவர், அவசரத்தில் இருப்பார், இருந்தும் கேளுங்கள். வியாபாரி தவணைக்கு வந்தால் பொருள் வேண்டாம் என்று சொல்லி முற்பணத்தைக் கேளுங்கள். தரமாட்டார். ஆயிரத்தோடு போகட்டும், அடுத்த தவணைக்குக் கையெழுத்து மட்டும் வைத்துவிடாதீர்கள்.