கடும் புயலில் போர்க்கப்பல்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

பன்னிரண்டு வருஷம் கடற்படையில் இருந்தேன். பெரிய புயல் என்று சொல்லத்தக்கவை மூன்று. அந்த மூன்றிலும் ஒரு அலையைக்கூட நான் பார்த்ததில்லை. என் வேலை என்ஜின் அறையில், கடல் மட்டத்துக்குக் கீழே. எனவே இந்தப் பதிலில் வானுயர அலை வர்ணனை எல்லாம் கிடைக்காது. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

அலை அடித்து நொறுக்கிக் கப்பல் மூழ்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டே வழிதான். தண்ணீர் உள்ளே வந்திருக்கும், அல்லது என்ஜின் நின்றிருக்கும். பல சமயம் முதலாவது நடந்து அதனால் இரண்டாவதும் நடந்திருக்கும். கப்பலில் புயலுக்காகச் செய்கிற அத்தனை வேலையும் இந்த இரண்டைத் தடுக்கத்தான்.

அதற்கும் முன்னால், முடிந்தவரை புயலின் வழியிலேயே போகாமல் இருப்பார்கள். புயல் எங்கே போகும் என்ற கணிப்பு தவறலாம் என்பதால், மாலுமிகளிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. நாளைய கணிப்பில் 100 கடல் மைல் பிசகு வரும், நாளை மறுநாளுக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 என்று வைத்துக்கொள்வார்கள். அதோடு 34 நாட் வேகத்துக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் காற்று வீசும் பரப்பின் ஆரத்தையும் கூட்டி வரைபடத்தில் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பார்கள். மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் மாட்டினோம் என்பது முக்கியம். வட கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் மோசமானது. அங்கே புயலின் சுழற்சி வேகத்தோடு அது நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும், காற்றும் கப்பலைப் புயலின் பாதைக்குள்ளேயே தள்ளும். தென் கோளத்தில் இது இடப்பக்கம்.

புயல் வந்தால் துறைமுகத்துக்குள் ஒதுங்குவதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்பவர்கள் உண்டு. சின்னப் படகுக்குச் சரி. போர்க்கப்பலுக்குப் பெரும்பாலும் நேரெதிர். துறைமுகத்தில் கப்பலுக்கு விலகிப்போக இடமில்லை. கயிறு அறுந்தால் சுவரில் மோதும், பக்கத்துக் கப்பலில் மோதும், தரை தட்டும். 1889 மார்ச்சில் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் ஏழு போர்க்கப்பல்கள் நின்றன. மூன்று அமெரிக்கா, மூன்று ஜெர்மனி, ஒன்று பிரிட்டன். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு யாரும் முதலில் கிளம்பத் தயாராக இல்லை. புயல் வந்தது. பிரிட்டனின் கலியோப் மட்டும் கொதிகலனை முழு அழுத்தத்துக்கு ஏற்றி, கிட்டத்தட்ட ஒரு நாட் வேகத்தில் ஊர்ந்து, வெளிக்கடலுக்குத் தப்பியது. போகிற வழியில் டிரெண்டன் என்ற அமெரிக்கக் கப்பலை உரசுவதுபோலக் கடந்தது. தங்கள் கப்பலே அழிந்துகொண்டிருந்த அந்த நிலையில் டிரெண்டன் மாலுமிகள் கலியோப்பைப் பார்த்து ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள். மற்ற ஆறும் மூழ்கின அல்லது கரையில் தூக்கி எறியப்பட்டன. பிற்பாடு கலியோப்பின் என்ஜினியருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், நானும் என்ஜின்காரன்.

இன்றும் அதே வழக்கம்தான். 2018இல் ஃபுளோரன்ஸ் சூறாவளி வந்தபோது அமெரிக்கக் கடற்படை, நார்ஃபோக் பகுதியில் நின்ற கிட்டத்தட்ட 30 கப்பல்களைக் கடலுக்கு அனுப்பியது.

சரி, கடலில் மாட்டிக்கொண்டாயிற்று. இனி கப்பலின் உடம்பைப் பற்றி. எவ்வளவு தள்ளினாலும் எழுந்து நிற்கும் தலையாட்டி பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கனம், மேலே லேசு. கப்பலும் அதே தத்துவம்தான். ஆனால் போர்க்கப்பலுக்கு ஒரு சங்கடம். ராடார், கோபுரம், பீரங்கி, ஏவுகணை என்று கனமானவற்றை எல்லாம் மேலே வைக்கவேண்டிய கட்டாயம். அதை ஈடுகட்டுவது அடியில் இருக்கும் என்ஜினும் எரிபொருளும்தான். எரிபொருள் தீரத் தீர அடிக்கனம் குறையும். குறைந்த இடத்தில் கடல்நீரை ஏற்றிச் சமன் செய்யவேண்டும். அதையும் அரைகுறையாக ஏற்றக்கூடாது. ஒரு தாம்பாளத்தில் பாதி தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், சாய்ந்த பக்கமே மொத்தத் தண்ணீரும் ஓடி இன்னும் சாய்க்கும். தொட்டியிலும் அதுதான் நடக்கும். ஒன்று முழுக்க நிரப்பு, இல்லையென்றால் முழுக்கக் காலி செய்.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1944 டிசம்பர் 18தான் எல்லாக் கடற்படைகளுக்கும் பாடம். அட்மிரல் ஹால்சியின் அமெரிக்க மூன்றாவது கடற்படைப் பிரிவு, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே நேராகப் புயலுக்குள் போனது. ஸ்பென்ஸ் என்ற நாசகாரிக் (destroyer) கப்பலில் எரிபொருள் தொட்டிகள் அநேகமாகக் காலி. கடல்நீரை ஏற்றலாம், ஆனால் எந்த நேரமும் எண்ணெய் நிரப்பக் கூப்பிடுவார்கள், அப்போது ஏற்றிய தண்ணீரை எல்லாம் வெளியேற்றவேண்டும். இந்தத் தயக்கத்திலேயே நேரம் போனது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி மின்சாரம் போயிற்று, சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது, கப்பல் கவிழ்ந்தது. ஹல், மோனகன் என்று இன்னும் இரண்டு நாசகாரிகளும் அதே நாளில் மூழ்கின. மொத்தம் 790 பேர் பலி. எதிரி ஒரு குண்டுகூடப் போடவில்லை.

அதே புயலில் டூவி என்ற கப்பல் 75 டிகிரி வரை சாய்ந்து, புகைபோக்கியையும் இழந்து, நிமிர்ந்துவிட்டது. 75 டிகிரி என்றால் நீங்கள் சுவரில் நடக்கலாம். மான்டெரி என்ற விமானந்தாங்கியில் கட்டு அறுந்த விமானங்கள் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்தன. அந்தக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர்தான் பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட். கட்டிவைக்காத பொருள் கப்பலுக்குள் இருக்கும் பீரங்கிக் குண்டு மாதிரி.

இரும்பு உடைவதே இல்லையா என்றால், உடைந்திருக்கிறது. நீளமான அலை நடுவில் தூக்கும்போது கப்பலின் இரு முனையும் தொங்கும். அடுத்த நிமிஷம் முனைகளைத் தூக்கும்போது நடுப்பகுதி தொய்யும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அந்த வேலையைத்தான் கடல் செய்து பார்க்கிறது. 1935 செப்டம்பரில் ஜப்பானின் ஹட்ஸுயுகி, யூகிரி என்ற இரண்டு நாசகாரிகளின் மூக்குப்பகுதி புயலில் முறிந்து தனியாகப் போனது. அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் கப்பல்களைத் திரும்பத் திறந்து பலப்படுத்தினார்கள். 1945 ஜூனில் பிட்ஸ்பர்க் என்ற அமெரிக்கக் குரூசர் ரகப் போர்க்கப்பலின் மூக்கு 104 அடி நீளத்துக்குப் பிய்ந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. முன்பகுதியில் இருந்தவர்கள் ஏற்கெனவே தங்கள் போர் நிலைகளுக்கு நகர்ந்திருந்தார்கள். மிச்சமிருந்த குறுக்குச்சுவருக்கு மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, மூக்கில்லாத கப்பலை குவாம் வரை ஓட்டிப் போனார்கள். போர்க்கப்பலுக்கு உள்ள பெரிய வசதி இதுதான். குண்டடி பட்டாலும் மிதக்கவேண்டும் என்று சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துக் கட்டியிருப்பார்கள். ஓட்டையை அடைக்கவும் முட்டுக்கொடுக்கவும் பழகிய ஆட்களும் நிறைய இருப்பார்கள். சரக்குக் கப்பலில் இருபது முப்பது பேர்தான்.

மேலே பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது என் துறை இல்லை. வேகத்தை ஆறேழு நாட் அளவுக்குக் குறைத்து, அலையை நேராக நெற்றியில் வாங்காமல் கொஞ்சம் சாய்வாக மூக்கில் வாங்குவார்கள். வேகமாகப் போனால் கப்பலின் அடி தண்ணீரில் அறையும், ரொம்ப மெதுவானால் சுக்கான் கேட்காது. விலாவில் அலை வாங்கவே கூடாது. ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளினால் உயரம் ஏறிக்கொண்டே போவதுபோல, கப்பல் ஆடும் தாளமும் அலையின் தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பின்னாலிருந்து துரத்தும் அலை இன்னும் நயவஞ்சகம், பின்பக்கத்தைத் தூக்கிக் கப்பலைச் சட்டென்று குறுக்கே திருப்பிவிடும்.

இதெல்லாம் செய்ய, கப்பலைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லர் சுற்றவேண்டும். எங்கள் என்ஜின் அறை சீஃப் இதை வேறு மாதிரி சொல்வார்: "மேல இருக்கிறவங்க ஆயிரம் யோசிக்கட்டும். இது நின்னா நாம வெறும் மிதக்கிற டப்பாதான்டா."

என் முதல் புயல் வருவதற்கு முந்தின நாள், எரிபொருள் தொட்டிகளின் அடி வால்வைத் திறந்து கசடை வடிக்கச் சொன்னார். கறுப்புக் கூழ் மாதிரி இரண்டு வாளி வந்தது. போதும் என்று நினைத்தேன். இன்னும் வடி என்றார். எரிச்சலாக இருந்தது. மறுநாள் இரவு புரிந்தது. மாதக்கணக்கில் அடியில் படிந்த கசடு முழுவதையும் ஆட்டம் கலக்கிவிட்டிருந்தது. சாதாரணமாக வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் ஃபில்டர் அன்று இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அடைத்தது.

ஃபில்டர் ஜோடியாக இருக்கும், ஒன்று ஓடும்போது மற்றதைக் கழற்றிக் கழுவலாம். கேட்க எளிது. தரைத்தகடு இடப்பக்கம் முப்பது டிகிரி சாய்கிறது, பிறகு வலப்பக்கம். சூடான எண்ணெய் சொட்டிய இடம் சோப்பு மாதிரி வழுக்குகிறது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைத் திருகவேண்டும். நட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம், கீழே வைத்தால் கிடைக்காது. மூடியைப் போட்டு முடிப்பதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் அழுத்தமானி ஏறத் தொடங்கியிருக்கும். என்னோடு இருந்தவன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அவனை மேலே அனுப்பிவிட்டு அவனுடைய வாட்சையும், அதாவது அவன் முறைப் பணியையும், நானே பார்த்தேன்.

இதற்கு நடுவே, கப்பலின் பின்பக்கம் தண்ணீரைவிட்டு எழும்போதெல்லாம் புரொப்பல்லர் பாரமில்லாமல் சுற்றி என்ஜின் வீறிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி உடனே எரிபொருளைக் குறைக்கும், திரும்பத் தண்ணீரில் விழும்போது மூச்சுமுட்டுகிற மாதிரி உறுமும். முதல் மணி நேரம் அந்தச் சத்தம் பயமுறுத்தியது. பிறகு அது வந்துகொண்டே இருப்பதுதான் தைரியம் தந்தது.

நாங்கள் உண்மையில் பயந்தது மசகு எண்ணெய் எச்சரிக்கை மணிக்கு. கப்பல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டால் எண்ணெய் அந்தப் பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், என்ஜின் நின்றுவிடும். 2015இல் வாக்கீன் (Joaquin) சூறாவளியில் எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பலுக்கு நடந்தது இதுதான். உள்ளே தண்ணீர் புகுந்து கப்பல் சாய்ந்தது, சாய்வில் மசகு எண்ணெய் கிடைக்காமல் என்ஜின் நின்றது, 33 பேரோடு மூழ்கியது.

மற்றபடி மாலுமிகள் என்ன செய்வார்கள்? மேல் டெக்குக்குப் போகத் தடை. கதவுகளை ஒவ்வொரு கிளிப்பாகப் பூட்டிவிட்டு, மணிக்கொருமுறை ஒருவர் போய்த் தொட்டுப் பார்ப்பார். தூக்கம் என்பது பங்க் என்ற அடுக்குப் படுக்கையில் பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு, முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் படுத்திருப்பது. சமையலறையில் அடுப்பு அணைத்துவிடுவார்கள், கையில் பிடித்துத் தின்னக்கூடியதுதான் சாப்பாடு. வாந்தி எல்லோருக்கும் வரும். பிரிட்டனின் புகழ்பெற்ற அட்மிரல் நெல்சனுக்கே கடல் நோய் இருந்தது. வாந்தி எடுத்தாலும் வாட்சுக்கு வந்தாகவேண்டும், என்ஜின் அறையில் அதற்கென்றே ஒரு வாளியைக் கட்டி வைத்திருப்போம். உடம்பு சும்மா நிற்பதற்கே ஓயாமல் உழைக்கும் என்பதால் மூன்றாம் நாள் வரும் அசதி வேறு ரகம். கவனப்பிசகில் விபத்து நடப்பது அப்போதுதான்.

ஒரே கூட்டத்துக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, நீர்மூழ்கிக்காரர்கள். அலையின் ஆட்டம் ஆழம் போகப் போக வேகமாகக் குறையும். அலையின் நீளத்தில் பாதி ஆழத்துக்கு இறங்கினால் அநேகமாக ஒன்றும் தெரியாது. 200 மீட்டர் நீள அலை மேலே ஓடினாலும் 100 மீட்டர் கீழே நிம்மதியாகத் தூங்கலாம். மேலே வந்தால் மட்டும், உருளை வடிவ உடம்பு என்பதால், எங்களைவிட மோசமாக உருளுவார்கள். அதில் எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

அந்த முதல் புயல் ஓய்ந்து, டெக் கதவைத் திறக்க அனுமதி கிடைத்த காலையில் மேலே ஏறிப் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து மூன்று மாடி உயரம் இருக்கும் அந்த இடம். அங்கே மணிக்கட்டுத் தடிமனில் ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பி உண்டு, தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்று காற்று வாங்குவேன். அது உள்பக்கமாக வளைந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் வந்து நின்ற சீஃப் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தொட்டில மிச்சக் கசடை இன்னிக்கே வடிச்சிடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.