‘புதிது’ என்ற நூலைத் தேடிப் போன ஜாங்கோ

கேள்வி: எங்கள் தெரு இரவல் நூலகத்துக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் எழுத உதவும் சட்டகம்) ஒரு தளம் எழுதிப் பழகுகிறேன். முதலில் ‘நூல்கள்/12/’ என்று எண் வைத்திருந்தேன். தமிழ்ப் பெயரே இருக்கட்டும் என்று முகவரி வரியில் ‘இன்ட்’ (எண் வகை) இருந்த இடத்தில் ‘எஸ்டிஆர்’ (எழுத்து வகை) போட்டேன். ‘நூல்கள்/பாட்டி-கதைகள்/’ நன்றாகத் திறக்கிறது. ஆனால் புது நூல் சேர்க்கும் ‘நூல்கள்/புதிது/’ பக்கம் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’ என்கிறது. அந்த வரியை நான் தொடவே இல்லை. ஜாங்கோ போன்ற இன்னொரு சட்டகமான ப்ளாஸ்கில் வேலை பார்க்கும் அண்ணன், வரிகளின் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறான்.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த 404 பக்கத்தை முழுதாகப் படியுங்கள். பிழை விவரம் காட்டும் ‘டீபக்’ அமைப்பு ட்ரூவாக இருக்கும்வரை ஜாங்கோ அதில் காரணத்தையும் எழுதித் தரும். எந்த முகவரியும் பொருந்தாவிட்டால், தான் பார்த்த வரிகளையெல்லாம் பட்டியலிடும். உங்களுக்கு அப்படி வந்திருக்காது. ‘ரெய்ஸ்டு பை’ (பிழையை எழுப்பியது) என்ற இடத்தில், நூல் விவரம் காட்டும் ஃபங்ஷனின் பெயர் இருக்கும். ‘புதிது’ என்ற பெயரில் ஒரு நூலைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பியிருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ‘பி பிளாக் பார்சல் எது வந்தாலும் இங்கேயே வாங்கி வைக்கவும்’ என்று முதல் வரி. ஆறேழு வரி தள்ளி, என் அம்மாவுக்காக ‘பி-4 மருந்து வந்தால் உடனே மேலே அனுப்பவும்’ என்று நான் எழுதினேன். மே மாத வெயிலில் இன்சுலின் பொட்டலம் மதியம் முழுக்க அவர் மேசைக்கடியில் கிடந்தது. அவர்மேல் தப்பே இல்லை. மேலிருந்து படித்தார், முதல் வரியே பொருந்தியது, அங்கேயே நிறுத்திவிட்டார். என் வரியை அதற்கு மேலே எழுதினேன். அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை.

முகவரி வரிகள் உள்ள உங்கள் யூஆர்எல்ஸ் கோப்பை ஜாங்கோ படிப்பதும் இப்படித்தான். ‘இன்ட்’ இருந்தவரை நூல் வரி இலக்கங்களை மட்டும் ஏற்றது. ‘புதிது’ அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது. ‘எஸ்டிஆர்’ அப்படியில்லை. சாய்கோடு தவிர எது வந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘புதிது’ வரியை அதற்கு மேலே தூக்கி வையுங்கள், சரியாகிவிடும். அண்ணன் சொல்வது ப்ளாஸ்கைப் பொறுத்தவரை சரி. நிலையான சொல் உள்ள முகவரிகளை அதுவே முன்னால் வைத்துப் பார்க்கும். ஜாங்கோ நீங்கள் எழுதிய வரிசையை மாற்றாது.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்ற உங்கள் ஆசையைக் கைவிடாதீர்கள். யாராவது முகவரிப் பெயருக்கான ‘ஸ்லக்’ வகையைப் போடச் சொன்னால் மட்டும் வேண்டாம்; ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு, அடிக்கோடு தவிர எதையும் அது ஏற்காது. பெயரை முகவரியாக்கும் ‘ஸ்லக்கிஃபை’யில் யூனிகோடை (ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை) அனுமதித்தாலும் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் உதிர்ந்துவிடும். ‘பாட்டி கதைகள்’ ‘படட-கதகள’ ஆகிவிடும். நம் எழுத்து இப்படிக் குலைவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. இடைவெளியில் நடுக்கோடு போடும் ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நாளைக்கே ‘புதிது’ என்ற தலைப்பில் ஒரு கவிதைத் தொகுப்பு உங்கள் நூலகத்துக்கு வரலாம். அதன் பக்கம் திறக்கவே திறக்காது. அதனால் நான் எண்ணையும் பெயரையும் சேர்த்தே வைப்பேன்: ‘நூல்கள்/12/பாட்டி-கதைகள்/’. நூலைத் தேடுவது எண்ணை வைத்து, பெயர் படிப்பவருக்காக. தலைப்பில் எழுத்துப்பிழை திருத்தினாலும் பழைய இணைப்பு அறுந்துபோகாது.

மாற்றியதும், கட்டளை எழுதிப் பார்க்கும் ஜாங்கோ ஷெல்லைத் திறந்து, ‘ரிசால்வ்’ ஃபங்ஷனுக்கு அந்த முகவரியை முன்சாய்கோட்டோடு கொடுங்கள். எந்த ஃபங்ஷனுக்குப் போகிறது என்று அதுவே சொல்லும்.