பின்னறைக் கார்ப்பரல்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் போலீஸ் படையில் சேர்ந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கார்ப்பரல். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டணத்தில் உள்ள ஒரு நிலையத்தில் வேலை. என்னோடு பயிற்சி முடித்தவர்களில் இருவர் சார்ஜன் ஆகிவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த ஒருவர் இன்ஸ்பெக்டர் பயிற்சிக்கே போய்விட்டார். என் மீது கட்டொழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை. வேலைக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் தலைமைத்துவத்துக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சுமாரான புள்ளிகள்தாம். படையில் நம்மவர்கள் குறைவு, தூக்கிவிட ஆளில்லை என்று தோன்றுகிறது. சொந்த ஊரில் வேலை செய்வதும் தொல்லை. தோட்டத்துக்காரர்கள் யாராவது புகார் கொடுக்க வந்தால் பின்னறைக்குப் போய்விடுவேன். பார்த்துவிட்டால் ‘தம்பி, கொஞ்சம் பார்த்துச் செய்யப்பா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம்கூட அம்மாவோடு ரப்பர் பால் வெட்டிய ஒரு பாட்டி சங்கிலியைப் பறிகொடுத்துவிட்டு வந்து மலாயில் திணறிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை உள்ளேயே இருந்தேன். இந்தச் சூழலில் நான் எப்படி வளர்வது? தலைமைத்துவப் பயிற்சி எங்கே எடுக்கலாம்? பகுதிநேர டிப்ளோமா உதவுமா? கோலாலம்பூருக்கு மாற்றல் கேட்கலாமா? மனைவி வேண்டாம் என்கிறார்.

பெயர், ஊர் வேண்டாம், பேராக்.

பதில்:

தம்பி, பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று மாதத்துக்கு நான்கு கடிதங்களாவது வருகின்றன. ஆசிரியர், தாதி, சிறைக்காவலர், நகராண்மைக் கழக ஊழியர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எல்லாருக்கும் பின்னால் வந்தவர் முன்னால் போய்விட்டார். ‘கவலைப்படாதீர்கள், உங்கள் காலம் வரும்’ என்று எழுத எனக்கு அரை நிமிடம் போதும். உங்களுக்கு அதை எழுதப் போவதில்லை.

நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகள். அவற்றைவிடப் பெரிய செய்தி ஒன்றைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு, அதைத் தொல்லைக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். ‘மலாயில் திணறிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை உள்ளேயே இருந்தேன்.’

அவர் திணறியது உங்களுக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். ஒரு புகாரை எழுதி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரமும் ஒரு கிழவி சொல் தேடித் தவிப்பதைக் கேட்டுக்கொண்டே, சம்பளம் வாங்குகிற ஒரு கார்ப்பரல், சீருடையோடு உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்? தேநீர் குடித்தாரா? கைப்பேசி பார்த்தாரா? அதை நீங்கள் எழுதவில்லை. எழுதக் கூசியிருக்கும்.

அந்தப் பாட்டி பேசுவது தோட்டத்து மலாய். கடைக்காரரிடம் அரிசியும் மீனும் வாங்க அது போதும். கழுத்தில் கிடந்த சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்லப் போதாது. தமிழில் ‘பறித்துக்கொண்டு ஓடினான்’ என்பார். அந்த ஒரு சொல்லில் கையும் கழுத்தும் இழுபறியும் வந்துவிடும். மலாயில் அவருக்குக் கிடைத்த சொல் அநேகமாக ‘அம்பில்’ ஆக இருந்திருக்கும். எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டான் என்று எழுதினால் அது திருட்டு, தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவு. பறிக்கும்போது கழுத்தில் காயம் ஏற்படுத்தியிருந்தால் அது கொள்ளையாகி 392ஆம் பிரிவுக்குப் போகலாம். இதை நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பயிற்சிப் பள்ளியில் நீங்கள் படித்தது. பாட்டிக்குக் காயம் இருந்ததா? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் அவர் கழுத்தைப் பார்க்கவில்லை.

வாய்மொழிப் புகாரை எழுதியபின் புகார் கொடுத்தவருக்கே அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. அன்று முகப்பில் புகாரை எழுதிய போலீஸ்காரப் பையன் படித்தும் காட்டியிருப்பான். பாட்டி தலையாட்டியிருப்பார். தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர், படித்துக் காட்டியதற்கெல்லாம் தலையாட்டிக் கைநாட்டு வைத்துப் பழகிய தலைமுறை அது.

அந்த மனுஷி நிலையத்துப் படியேறியதே பெரிய காரியம் என்பது உங்களுக்கு உறைக்கிறதா? நான் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 ஜூலைவரை நீடித்தது. தோட்டங்களுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவல் நின்றார்கள், வேலி போட்டார்கள், கையில் கொண்டுபோகும் சோற்றைச் சோதித்தார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த மக்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போ. என் பாட்டி சாகும்வரை போலீஸ் நிலையம் இருக்கும் பக்கமாக நடக்க மாட்டார். சாலையைக் கடந்து எதிர்ப்புறமாகப் போவார். அந்த வழியில் வந்த ஒருத்தி, உள்ளே நம் பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் வந்திருக்கலாம். பிள்ளை பின்னறையில் இருந்தது.

‘பார்த்துச் செய்யப்பா’ என்று கேட்பார்களே, அதற்குத்தானே பயந்தேன் என்பீர்கள். பயம் நியாயமானதுதான். மகனின் மோட்டார் சைக்கிளை விடச் சொல்வார்கள், போக்குவரத்துச் சம்மனைக் கழிக்கச் சொல்வார்கள், குடித்துவிட்டு அடிதடி செய்த மருமகனை இரவோடு இரவாக அனுப்பச் சொல்வார்கள். பதவியைப் பயன்படுத்தித் தனக்கோ உறவினருக்கோ ஆதாயம் தேடுவது குற்றம் என்று 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் கேட்பதை நீங்கள் செய்யக் கூடாது. ஆனால் சங்கிலி பறிகொடுத்த கிழவி எதையும் ‘பார்த்துச் செய்ய’ வரவில்லையே. புகார் கொடுக்க வந்தார். யார் சலுகை கேட்க வருகிறார், யார் நியாயம் கேட்க வருகிறார் என்று பிரித்துப் பார்க்கும் சிரமத்துக்கு அஞ்சி, எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

உங்களுக்கு முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல வரவில்லை. இதுதான் விஷயம். சார்ஜன் வேலை என்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? ஹரி ராயா பெருநாளுக்கு ஆறு பேர் விடுப்புக் கேட்பார்கள், இரண்டு பேரைத்தான் விட முடியும். நான்கு பேர் முகம் சுளிப்பார்கள், அதில் ஒருவன் உங்கள் கூட்டாளியாக இருப்பான். ரோந்துக்குப் போகாமலே போனதாக ஒருவன் எழுதி வைப்பான். அவனை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். மேலே இருப்பவர் தவறாக ஒன்றைச் சொன்னால் மரியாதையோடு மறுக்க வேண்டும். அன்றைக்கெல்லாம் எந்தப் பின்னறைக்குப் போவீர்கள்?

உங்களை மதிப்பிடும் அதிகாரிகள் இருவர். ஒரு சிறிய நிலையத்தில் தமிழ் பேசும் ஆள் வந்தவுடன் தமிழ்க் கார்ப்பரல் காணாமல் போவது அவர்கள் கண்ணில் படாது என்றா நினைக்கிறீர்கள்? அந்தச் சுமாரான புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு ஓரளவு புரிகிறது.

படையில் நம்மவர்கள் குறைவு என்பது உண்மை. 2017இல் ஏ. தெய்வீகன் பினாங்கு மாநிலப் போலீஸ் தலைவரானபோது நம் மக்கள் அப்படிக் கொண்டாடினார்களே, எதற்கு? அரிதாக இருப்பதால்தான். இருக்கிற கொஞ்சம் பேரில் நீங்களும் ஒருவர். புகார் முகப்பில் தமிழன் நிற்கும் நிலையங்களை எண்ணினால் உங்கள் நிலையத்தைச் சேர்க்க முடியாது, நீங்கள் அங்கே வேலை செய்தும்.

என் அப்பா மண்டோர், தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிறவர். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிரட்டு, அதாவது ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதைச் சுற்றிப் பூச்சி, அதற்கு அப்பால் இருட்டில் பால் சுமக்கும் காண்டா வாளிகளோடு ஆட்கள். அப்பா பேர் கூப்பிடுவார். சித்தப்பா, அப்பாவின் சொந்தத் தம்பி, அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு வந்து நின்றார். முதல் நாள் கள்ளுக்கடை. அப்பா விளக்கைத் தூக்கித் தன் முகம் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ‘இன்றைக்கு உனக்குப் பேர் இல்லை, வீட்டுக்குப் போ’ என்றார். அவ்வளவுதான். கிராணியிடம் சொல்லி அனுப்பவில்லை, வேறு ஆளை விட்டுச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு அரிசியில் பாதியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரே சித்தப்பா வீட்டுக்குப் போனார்; நான் விளக்கு பிடித்துக்கொண்டு கூடப் போனேன். சித்தி அரிசியை வாங்கிக்கொண்டார், ‘வா’ என்று சொல்லவில்லை. சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. சித்தியின் மனம் கடைசிவரை ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு அப்பாவின் பிரட்டில் யாரும் தாமதமாக வந்து பல்லைக் காட்டியதில்லை.

குடும்பத்துக்கும் கடமைக்கும் இடையே சுவர் எழுப்பிக்கொண்டால்தான் நேர்மையாக இருக்க முடியும் என்று நம்புகிற இளைஞர்கள் இப்போது நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. உறவை ஒளித்து வைப்பவன் நேர்மையானவன் அல்லன், அவனுக்கு வேலை மிச்சம், அவ்வளவே. உங்கள் அம்மா பால் வெட்டித்தான் உங்களைப் படிக்க வைத்திருப்பார். மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாத நாள்களில் அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் அந்தப் பாட்டியும் ஒருவராக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் கோயிலில் உங்கள் அம்மாவைப் பார்க்கும்போது என்ன சொல்வார்? ‘உன் மகன் இருந்தானா அன்றைக்கு?’ என்று கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வார்?

இனிமேல் தோட்டத்து ஆள் வந்தால் முகப்புக்கு வாருங்கள். உறவு இல்லாதவர் என்றால் நீங்களே புகாரை எழுதுங்கள். நெருங்கிய உறவு என்றால் நிலையத் தலைவரிடம் ‘இவர் என் மாமா, வேறொருவர் எழுதட்டும்’ என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, மாமாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்ன நடக்கும் என்று தமிழில் விளக்குங்கள். சம்மனைக் கழிக்கச் சொன்னால் முடியாது என்று அங்கேயே சொல்லுங்கள். முதல் பத்துப் பேர் திட்டுவார்கள். பதினோராவது ஆள் கேட்க மாட்டார்.

உங்கள் மூன்று கேள்விகள். டிப்ளோமா எடுங்கள், தவறில்லை, நேரடியாக இன்ஸ்பெக்டராகச் சேர எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வு மட்டும் போதாது என்பது உங்களுக்கே தெரியும். பயிற்சிக்கு வெளியே காசு கட்டிப் போக வேண்டாம். படையிலேயே செராஸ் கல்லூரி முதலான இடங்களில் பயிற்சிகள் நடக்கின்றன, நிலையத் தலைவரிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கும்போதே, தலைமைத்துவப் புள்ளி ஏன் குறைகிறது என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு வாருங்கள். கோலாலம்பூர் வேண்டாம். அங்கே நிலையங்கள் பெரியவை, பின்னறைகளும் அதிகம். உங்கள் மனைவி என்ன காரணத்துக்காக வேண்டாம் என்றாரோ தெரியாது, நான் அவர் பக்கம். படையே மாற்றல் கொடுத்தால், அது சபாவாக இருந்தாலும் சரவாக்காக இருந்தாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போங்கள். ஓடிப்போக நீங்களாகக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. போன மாதம் என்கிறீர்கள், பாட்டி புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருக்கும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களில், நான்கு வாரம் கழிந்தபின் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவர் நிலையத்தில் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம். அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107அ பிரிவு. பாட்டிக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வரும் விடுமுறை நாளில் அம்மாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். சீருடை வேண்டாம். அன்றைக்கு உள்ளே இருந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா எதிரில். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். வழக்கில் மூக்கை நுழைக்காமல் 107அ பற்றிச் சொல்லி, கடிதம் எழுத அவர் பேரனுக்குக் கற்றுக்கொடுங்கள். கழுத்தில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது எத்தனை பவுன் சங்கிலி, யார் போட்டது என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை.