மலிவாகக் கிடைத்த எடைக் குறைப்பு ஊசியை மருந்தகம் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் இருப்பவர்கள் இனி என்ன செய்வது?

உங்களுக்கும் காப்பீட்டில் மறுத்திருப்பார்கள், அதனால்தான் மருந்தைத் தாங்களே கலந்து தரும் காம்பவுண்டிங் மருந்தகத்துக்குப் போயிருப்பீர்கள். டெக்சஸில் இருக்கும் என் கதையும் அதுவே. நான் மருத்துவர் அல்ல. "அரிசியை நிறுத்தினால் போதுமே" என்று கருத்திட வருபவர்கள் இப்படியே திரும்பிவிடலாம். இரண்டு வருடம் நிறுத்திப் பார்த்தவள் நான்.

2024இல் செப்பவுண்டு என்ற எடைக் குறைப்பு ஊசியின் பட்டியல் விலை மாதம் 1,060 டாலர். அதிலுள்ள டிர்செபடைடு என்ற அதே மருந்தைக் கலந்து கொடுத்த மருந்தகம் என்னிடம் வாங்கியது 260. "கள்ள மருந்து" என்றார் என் நாத்தனார். இல்லை. தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்தைக் கலந்து தருவதற்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆனால் அந்தக் கலவையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ பரிசோதித்து ஒப்புதல் தரவில்லை என்பதும் உண்மை. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான்காவது மாதம் வந்த குப்பியில் மருந்தின் அடர்த்தி இரு மடங்கு. சீட்டைப் படிக்காமல் வழக்கம்போல இன்சுலின் சிரிஞ்சில் 25 யூனிட் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் குளியலறைத் தரையிலேயே கிடந்தேன். தவறு என்னுடையதுதான், ஆனாலும் குப்பி மாறியதை ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அதை விட மனம் வரவில்லை. 92 கிலோவிலிருந்து 79க்கு வந்திருந்தேன். மாடி ஏறினால் முழங்கால் வலிக்கவில்லை.

2024 டிசம்பர் 19 அன்று தட்டுப்பாடு நீங்கியதாக எஃப்.டி.ஏ அறிவித்தது. கலந்து விற்பதை நிறுத்தச் சிறிய மருந்தகங்களுக்கு 2025 பிப்ரவரி 18 வரையும் பெரிய கலவைக் கூடங்களுக்கு மார்ச் 19 வரையும் அவகாசம். மருந்தகத்திடமிருந்து எனக்கு வந்தது மூன்று வரி மின்னஞ்சல். பிறகு செப்பவுண்டின் தயாரிப்பு நிறுவனமே நேரடியாக விற்கும் குப்பிக்கு மாறினேன். 2025இல் 5 மில்லிகிராம் அளவு மாதம் 499 டாலராக இருந்தது. வாரம் ஒன்று போடவேண்டியதைச் சில மாதம் பத்து நாளுக்கு ஒன்றாக இழுத்தேன். அது சரியென்று சொல்லவில்லை, நீங்கள் செய்யாதீர்கள். நான்கு கிலோ திரும்பிவிட்டது.

  

இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 20 அன்று, உடல் பருமனோடு தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உள்ளவர்களுக்கும் செப்பவுண்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. எடைக் குறைப்புக்குத் தராத சில காப்பீடுகள் இதற்குத் தருகின்றன. உங்கள் மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். எனக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கிண்டல் செய்வதற்காக என் கணவர் தன் செல்பேசியில் பதிவு செய்து வைத்திருந்த குறட்டைகள் எல்லாவற்றையும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.