மகன் தேறினானா, மயங்கினானா?

கேள்வி: அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் என் மகன் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்று எழுதியிருந்தான். அங்கே வேலை பார்க்கும் என் தம்பி அதைப் படித்துவிட்டு, ‘2021இல் மயங்கி விழுந்தேன் என்றல்லவா எழுதியிருக்கிறான்!’ என்று சிரிக்கிறான். காலம் காலமாக இப்படித்தானே சொல்லிவருகிறோம். நாம் கற்றது பிழையா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: பிழை இல்லை. அதை அமெரிக்காவுக்கு அனுப்பியதுதான் பிழை. விமானம் ஏறும்வரை உங்கள் தம்பியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார், நினைவூட்டிப் பாருங்கள்.

‘பாஸ் அவுட்’ என்றால் மூர்ச்சையாவது என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவலான பொருள். வெயிலில் நின்று சுருண்டு விழுந்தாலும் இதே சொல்தான். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டுச் சோபாவில் சரிந்தாலும் இதே சொல்தான். விண்ணப்பத்தைப் படிக்கும் அமெரிக்கருக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும் என்பது கூடுதல் சங்கடம்.

ஆனால் நம் பொருளும் நாமாகக் கட்டிவிட்டதல்ல. ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதைக் குறிக்கும் பிரிட்டிஷ் வழக்கு அது. ஆங்கில அகராதிகளில் இன்றும் இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் ‘பாசிங் அவுட் பரேடு’ செய்தியை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். ‘பயிற்சி நிறைவு அணிவகுப்பு’ என்று போடுவார்கள். டேராடூனில் 1932இல் தொடங்கிய அகாடமியில், அணிவகுப்பின் முடிவில் இளைஞர்கள் மெதுநடையில் செட்வுட் கட்டடத்தின் படிகளில் ஏறி, ‘அந்திம் பக்’ எனப்படும் கடைசி அடியை வைக்கிறார்கள். வெளியேறுவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

நம் கல்லூரிகள் அணிவகுப்பை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. ‘பாஸ்’ என்று தொடங்குவதால் தேர்ச்சி என்றே நம் காதில் விழுகிறது. வேலை விளம்பரங்களோ ஒருபடி மேலே போய் அதை ஆளாகவே ஆக்கிவிட்டன: ‘2024 பாஸ் அவுட்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.’ ஏழு அரியரைச் சுமந்துகொண்டு வந்தவரும் தம்மை 2024 பாஸ் அவுட் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். வெளியே வந்தது உண்மைதானே!

இன்னொரு பொருளும் உண்டு. பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்தால், வரிசையாக விநியோகிப்பது என்றாகிவிடும். அப்போது சொல்லைப் பிரித்து, ‘பாஸ் த பேப்பர்ஸ் அவுட்’ என்று நடுவே தாள்களை நுழைக்கலாம். மயக்கத்துக்கும் படிப்புக்கும் இந்தச் சலுகை கிடையாது. ‘பாஸ் அவே’ பக்கம் மட்டும் மகன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒரேயடியாகப் போய்ச் சேர்வது.

அமெரிக்காவுக்கு ‘கிராஜுவேட்டட் இன் 2021’ என்று எழுதட்டும். கல்லூரிப் பெயரையும் சேர்ப்பதானால் அதற்கு முன் ‘ஃப்ரம்’ வேண்டும். மதுரையிலோ கோவையிலோ நேர்காணல் என்றால் பழைய சொல்லே போதும். யாரும் முகத்தில் தண்ணீர் தெளிக்க ஓடிவர மாட்டார்கள்.