டயகிராம் போட்டா போதுமா?

கேள்வி: சார், கான்செப்சுவல் மாடலிங், நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட் ரெண்டும் ஒண்ணுதானா? ரெண்டுலயும் படமா போட்டுத் தள்றாங்களே! - ஆராய்ச்சி மாணவி

பதில்: ஒண்ணு இல்லம்மா. கான்செப்சுவல் மாடலிங்னா, ஒரு சிஸ்டம் எதைப் பத்தினதோ அதைக் குறிகளால படமா வரையறது. 1976ல கம்ப்யூட்டர் விஞ்ஞானி பீட்டர் சென் கொண்டுவந்த ஈஆர் (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) மாடல் அதுல ஒண்ணு, டேட்டாபேஸ் கட்டுறதுக்கு முன்னாடியே என்னென்ன விஷயம் இருக்கு, அதுங்களுக்குள்ள என்ன உறவுன்னு சொல்றது, அப்புறம் வாண்ட், வெபர்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மரியோ புங்கேங்கற தத்துவ அறிஞரோட தத்துவத்தை எடுத்துக்கிட்டு இந்தக் குறிகள் உலகத்தை முழுசா சொல்லுதா, ஒரே குறிக்கு ரெண்டு அர்த்தம் வருதான்னு சோதிச்சாங்க, எனக்குப் பிடிச்ச ஏரியா இதுதான். நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட் தலைவலி வேற. அனுபவஸ்தர் மண்டைக்குள்ள இருக்கறத வெளிய எடுக்கணும், ஜப்பானிய மேனேஜ்மெண்ட் அறிஞர் நொனாகா பேசினது அதைத்தான். ஆனா "கஸ்டமர்னா யாரு, ஆர்டர் போட்டவரா பணம் கட்டினவரா"ன்னு மாடல் போடறப்ப ஒரு சண்டை வரும் பாருங்க, அங்கதான் அந்த அறிவு கொட்டும்! படத்தை மட்டும் சேவ் பண்ணிட்டு அந்தச் சண்டையை எழுதி வைக்காம விட்டுடறாங்க.